வழியோரத்தில் நின்ற பெயர்

சிறுவனாக இருந்தபோது சனிக்கிழமைகளில் தாத்தாவோடு சாட்ஸ்வொர்த்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குப் பேருந்தில் போவேன். வார்விக் காலைச் சந்தையில் அவருக்குப் பழக்கமான காய்கறிக்காரர்கள் பலர் இருந்தார்கள். கிளேர்வுட்டில் அவரும் தோட்டம் போட்டிருந்த காலத்து நண்பர்கள் அவர்கள். போகும் வழியில் ராஸ்பர்க் அருகே ஒரு பெரிய சாலை குறுக்கிடும். அதன் பெயர்ப்பலகையில் ‘எட்வின் ஸ்வேல்ஸ் வி.சி. டிரைவ்’ என்று எழுதியிருக்கும். வேறு எந்தத் தெருப் பெயரிலும் இல்லாத அந்த இரண்டு எழுத்துகள் எனக்குப் புதிராக இருந்தன. ஒரு நாள் தாத்தாவிடம் கேட்டேன். “அது ஒருத்தன் பேரு, கண்ணு. ஆகாயக்கப்பல் ஓட்டிச் செத்துப்போனவன்” என்றார். பேருந்து அடுத்த நிறுத்தத்தைத் தாண்டிய பிறகு, நான் கேட்காமலே, “கூட இருந்தவங்கள குதிக்கவிட்டுட்டு அவன் மட்டும் நின்னுட்டான்” என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த இரண்டாவது வாக்கியம் இத்தனை ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. பிப்ரவரி 23 எட்வின் ஸ்வேல்ஸ் இறந்த நாள். அவரைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் நினைப்பேன். டர்பனில் பிறந்து வளர்ந்த ஒரு வெள்ளைக்கார விமானியைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்ற தயக்கத்தில் ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போடுவேன். சொல்ல நிறைய இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

ஸ்வேல்ஸ் 1915 ஜூலை 3 அன்று இனாண்டாவில் பிறந்தார். இனாண்டா என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது காந்தியார் 1904-இல் அமைத்த பீனிக்ஸ் குடியிருப்பு. காந்தியார் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கப்பலேறிய அடுத்த ஆண்டு, அதே கரும்புக்காட்டு மண்ணில் இந்தக் குழந்தை பிறந்திருக்கிறது. தந்தை சூலுலாந்தில் விவசாயி. 1918-இன் கொடிய விஷக்காய்ச்சலில் அவர் இறந்துபோக, தாய் ஆலிவ் தம் நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு டர்பனின் பெரியா மேட்டுக்குக் குடிவந்தார். டர்பன் ஹை ஸ்கூலில் படித்து முடித்த எட்வின், பார்க்லேஸ் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தார். அந்தப் பள்ளியில் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. வலங்கைமானில் பிறந்து இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்த சீனிவாச சாஸ்திரியார் பாடுபட்டதால் 1929-இல் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரிதான் எங்களுக்கென்று இருந்த உயர்பள்ளி. இரண்டு பள்ளிகளுக்கும் இடையே நடந்து போகும் தூரம்தான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த இளைஞர் வளர்ந்த ஊர் எத்தகையது என்பதைச் சொல்லாமல் அவரை நினைவுகூர்வது அரைகுறையாகிவிடும் என்பதால் சொல்கிறேன்.

1939 செப்டம்பர் 4 அன்று தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் 80-க்கு 67 என்ற வாக்குக் கணக்கில் போரில் இறங்க முடிவு செய்தது. நாடே இரண்டாகப் பிளந்திருந்த காரணத்தால் கட்டாயப் படைச்சேர்ப்பு இல்லை. போனவர்கள் எல்லோரும் தாமாக முன்வந்து போனவர்கள். ஸ்வேல்ஸ் நேட்டால் மவுண்டட் ரைபிள்ஸ் என்ற உள்ளூர்ப் படைப்பிரிவில் இருந்தார். கென்யா, அபிசீனியா, வட ஆப்பிரிக்கா என்று தரைப்படையில் போரிட்டு, 1942 ஜனவரியில் விமானப்படைக்கு மாறினார்.

என் தாத்தாவும் தாமாக முன்வந்து போனவர்தான். இந்தியர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் என்று தனியாக ஒரு படைப்பிரிவு வைத்திருந்தார்கள். அதில் அவர் லாரி ஓட்டுநர். வெள்ளையரல்லாதவர்கள் கையில் துப்பாக்கி கொடுப்பதில்லை என்பது அன்றைய அரசின் கொள்கை. வண்டி ஓட்டலாம், காயம்பட்டவர்களைத் தூக்கலாம், சமைக்கலாம், அகழி வெட்டலாம். எதிரி சுட்டால் திருப்பிச் சுடக் கூடாது. விமானத்தில் ஏறி அமர்வதைப் பற்றிப் பேச்சே இல்லை. தண்ணீரும் பீரங்கிக் குண்டும் ஏற்றிய மூன்று டன் லாரியைப் பாலைவனத்தில் ஓட்டிக்கொண்டு என் தாத்தா வெறுங்கையோடு போரில் இருந்தார். அவர் திரும்பி வந்த பிறகு, 1946 ஜூனில், இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுக்கும் சட்டம் நிறைவேறியது. எங்கள் ஆட்கள் அதைக் கெட்டோ சட்டம் என்றார்கள். நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவர் மான்டி நாயக்கர் தலைமையில் கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சந்திக்கும் மூலையில் கூடாரம் போட்டுச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது, பாலைவனத்திலிருந்து வந்த அதே காக்கிக் கால்சட்டையோடு தாத்தா போய் நின்றாராம். ஆயா, அதாவது என் பாட்டி, அதைச் சொல்லும்போதெல்லாம் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும்.

அப்படிப்பட்டவர், அந்த வெள்ளைக்கார விமானியைப் பற்றி ஒருபோதும் கசப்பாகப் பேசியதில்லை. ஏன் என்பது எனக்கு வெகு காலம் விளங்கவில்லை.

1943-இல் ஸ்வேல்ஸ் பிரிட்டிஷ் விமானப்படையோடு பணியாற்ற இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1944-இல் லிட்டில் ஸ்டாட்டன் தளத்திலிருந்து பறந்த 582-ஆம் படையணியில் சேர்ந்தார். அங்கே மற்றவர்கள் எல்லோரும் நீலச் சீருடையில் இருக்க, இவர் தென்னாப்பிரிக்க விமானப்படையின் காக்கியிலும் தரைப்படை வழக்கப்படியான கேப்டன் பதவியிலும் தொடர்ந்தார். அந்தப் படையணி வழிகாட்டிப் படையைச் சேர்ந்தது. இரவில், முகிலுக்கும் புகைக்கும் நடுவே, நூற்றுக்கணக்கான குண்டுவீச்சு விமானங்கள் சரியான இடத்தைக் கண்டுகொள்ள முடியாமல் தவித்ததால் 1942-இல் உருவாக்கப்பட்டது அது. முன்னால் பறந்து சென்று, சிவப்பிலும் பச்சையிலும் எரியும் அடையாள விளக்குகளை இலக்கின்மேல் இறக்குவது அவர்கள் வேலை. அவர்களிலும் ஒருவர் தலைமைக் குண்டுவீச்சாளர். அவர் இலக்கின் மேலேயே வட்டமிட்டுக்கொண்டு, விளக்குகள் சரியாக விழுந்தனவா என்று பார்த்து, ‘பச்சைக்கு இடப்புறம் போடுங்கள், சிவப்பை விட்டுவிடுங்கள்’ என்பதுபோல் வானொலியில் பின்வரும் விமானங்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். குண்டுகளைப் போட்டுவிட்டு மற்றவர்கள் திரும்பிவிடுவார்கள். அவர் மட்டும் தாக்குதல் முடியும்வரை அந்த நெருப்பின் மேலேயே இருப்பார்.

1944 டிசம்பர் 23 அன்று கொலோன் நகரின் சரக்கு ரயில் யார்டின்மீது பகலில் நடந்த தாக்குதலில் இந்தப் படையணி பெரும் இழப்பைச் சந்தித்தது. முன்னணியில் பறந்த ராபர்ட் பால்மர் அன்று இறந்தார். எரியும் விமானங்களுக்கு நடுவே தம் விமானத்தைக் காப்பாற்றிக் கொண்டுவந்த ஸ்வேல்ஸுக்குச் சிறப்புப் பறப்புச் சிலுவை என்ற பதக்கம் கிடைத்தது. வழிகாட்டிப் படையில் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றவர்கள் மூவர். இயன் பாசல்ஜெட், பால்மர், ஸ்வேல்ஸ் ஆகிய அந்த மூவருக்கும் அது இறந்த பிறகே வழங்கப்பட்டது. வி.சி. என்ற இரண்டு எழுத்துகளின் பொருள் அதுதான்.

கொலோன் தாக்குதலுக்குச் சரியாக இரண்டு மாதம் கழித்து, 1945 பிப்ரவரி 23 இரவு, தெற்கு ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரைத் தாக்க 367 லங்காஸ்டர் விமானங்களும் 13 மஸ்கிட்டோ விமானங்களும் சென்றன. தலைமைக் குண்டுவீச்சாளர் ஸ்வேல்ஸ். அவருக்கு வயது 29.

நகரத்தின் மேல் வந்து சேர்ந்த சிறிது நேரத்திலேயே ஓர் எதிரி விமானம் இருளில் பின்தொடர்ந்து வந்து சுட்டது. லங்காஸ்டருக்கு நான்கு எஞ்சின்கள். அவற்றில் ஒன்று நின்றுபோனது. வால்புறத் துப்பாக்கிகளும் பழுதாகின. திருப்பிச் சுட வழியில்லாத நிலையில் அவர் வானொலியில் வழி சொல்வதை நிறுத்தவில்லை. குரல் தெளிவாக இருந்ததாகப் பதக்கத்துக்கான அரசுக் குறிப்பு சொல்கிறது. எதிரி விமானம் மேலும் நெருங்கி மீண்டும் சுட்டது. இரண்டாவது எஞ்சினும் போனது. அப்போதும், தாக்குதல் நினைத்தபடி நடந்து முடிந்தது என்று உறுதியாகும்வரை அங்கேயே வட்டமிட்டார்.

பிறகுதான் திரும்பினார். இருக்கும் எஞ்சின்களைக் கொண்டு விமானத்தை வானில் நிறுத்திவைப்பதே பெரும்பாடாக இருந்தது. இருட்டிலும் மேகத்திலும் விமானம் நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் கருவிகள் செயலிழந்திருந்தன. தரையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இதன் கொடுமை உடனே புரியாது. கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது உடம்பின் உணர்வை நம்ப முடியாது. விமானம் ஒருபுறமாகச் சாய்ந்து சரிந்துகொண்டிருந்தாலும் நேராகப் போவதுபோலவே தோன்றும். அந்த நிலையில், தம்மோடு இருந்தவர்கள் எதிரியின் கையில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக, அவர் மேற்கு நோக்கி ஓட்டினார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மெல்லிய முகில் அடுக்குகள் எதிர்ப்பட்டன. ஓர் அடுக்குக்கும் மற்றோர் அடுக்குக்கும் இடையே கிடைத்த வெளியில் விமானத்தை நுழைத்து நுழைத்துப் போனார். அதற்கும் அப்பால் கனத்த மேகமும் கொந்தளிக்கும் காற்றும். விமானம் உயரம் இழந்துகொண்டே வந்தது. அதற்குள் நேச நாட்டுப் படைகளின் கையில் இருந்த நிலப்பகுதிக்கு வந்துவிட்டார்கள். இனிமேல் முடியாது என்று தெரிந்தபோது எல்லோரையும் குதிக்கச் சொன்னார்.

பாராசூட்டோடு குதிப்பது என்றால் கதவைத் திறந்து வெளியே பாய்வது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். லங்காஸ்டரின் உட்புறம் குறுகலான குழாய் போன்றது. கனத்த உடைகளோடு, கும்மிருட்டில், குறுக்கே கிடக்கும் இறக்கையின் பெரிய உலோகச் சட்டத்தைத் தாண்டி, ஒவ்வொருவராகத்தான் வெளியேறும் வழிக்கு வர முடியும். விமானம் குலுங்கினால் உள்ளே இருப்பவர் எழுந்து நிற்கக்கூட முடியாது. சுழன்று விழத் தொடங்கிவிட்டால் யாருக்கும் வழியில்லை. ஆகவே அந்தக் கடைசி நிமிடங்களில் விமானத்தை நேராகப் பிடித்துக்கொண்டிருக்க ஒருவர் இருந்தே ஆக வேண்டும். உடன் வந்தவர்கள் அனைவரும் ஒருவர் பின் ஒருவராகக் குதித்துப் பிழைத்தார்கள். கடைசி ஆள் குதித்த கையோடு, வட பிரான்ஸில் வாலென்சியேன் நகருக்கு அருகே விமானம் தலைகுப்புற விழுந்தது. விமானி இருக்கையிலேயே அவர் உடல் கிடந்தது.

தாத்தாவுக்கு இந்த விவரமெல்லாம் செய்தித்தாளில் படித்துத் தெரிந்திருந்தது. அவர் கடைசிக் காலத்தில் படுத்திருந்தபோது, நான் மனத்தில் வெகு நாளாக வைத்திருந்ததைக் கேட்டேன்: நமக்குத் துப்பாக்கிகூடக் கொடுக்காதவர்களுடைய ஆகாயக்கப்பல்காரனை நீங்கள் ஏன் இத்தனை மரியாதையாகச் சொல்கிறீர்கள்? அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. 1942 ஜூனில் படைகள் எகிப்துக்குப் பின்வாங்கியபோது நடந்த ஒன்றைச் சொன்னார். சொல்லூம் மேட்டுச் சரிவில், காயம்பட்டவர்களை ஏற்றிய அவருடைய லாரியின் கைப்பிரேக் அறுந்துபோயிருந்தது. மேலே எதிரி விமானங்கள். தூக்குப்படுக்கைகளைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக இறக்கும்வரை அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கால்பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மற்ற ஓட்டுநர்கள் குழிக்குள் பாய்ந்துவிட்டார்கள். அவர் காலை எடுத்தால் லாரி பள்ளத்தில் போய்விடும். “எல்லாரும் எறங்குற வரைக்கும் கால எடுக்கக் கூடாதுன்னு யாரும் எனக்குச் சொல்லித்தரல, கண்ணு. அவனுக்கும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டாங்க” என்றார்.

அதுவரை அந்தச் சரிவைப் பற்றி அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. அவருக்கு அதற்காகப் பதக்கம் எதுவும் வரவில்லை, சாலை எதற்கும் அவர் பெயர் வைக்கப்படவில்லை. அதைப் பற்றி அவர் வருந்தியதாகவும் தெரியவில்லை. அந்தப் பேருந்துப் பயணத்தில் அவர் ஏன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார் என்பது மட்டும் அன்றைக்கு எனக்கு விளங்கியது.

ஆனால் ஃபோர்ட்ஸ்ஹைமைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க என்னால் முடியாது. குண்டுவீச்சு விமானம் என்றவுடன் தமிழ் வாசகர்களில் பலருக்கு மனத்தில் எழுவது மேலே இருந்த விமானி அல்லர். கீழே பதுங்குகுழியில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கிடந்தவர்கள். ஈழத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் சில காலம் தங்கியிருந்த ஓர் அம்மாவிடம் ஸ்வேல்ஸின் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கீழ எத்தின சனம் செத்தது?” என்று கேட்டார். என்னிடம் அப்போது விடை இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

நகை வேலைக்கும் கடிகாரத் தொழிலுக்கும் பேர்போன ஊர் ஃபோர்ட்ஸ்ஹைம். அங்கே போருக்கான நுண்கருவிகள் செய்யப்படுகின்றன என்று பிரிட்டன் கருதியது. தாக்குதல் இரவு 7.50-க்குத் தொடங்கியது, 22 நிமிடங்களில் முடிந்துவிட்டது. 1,800 டன்னுக்கு மேல் குண்டுகள் விழுந்தன. தனித்தனியாக மூண்ட தீக்கள் ஒன்றுசேர்ந்து ஒரே பெருந்தீயாகிக் காற்றையே உறிஞ்சிக்கொண்டதால், நிலவறைகளில் ஒளிந்திருந்தவர்கள் தீ தொடாமலே மூச்சுமுட்டி மாண்டார்கள். ஏறத்தாழ 17,600 பேர் இறந்தார்கள். அது நகர மக்களில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாது. கட்டடங்களில் 83 விழுக்காடு அழிந்தது. பத்து நாள் முன்னால்தான் டிரெஸ்டன் எரிந்திருந்தது. ஜெர்மானிய நகரங்களில் ஹாம்பர்க், டிரெஸ்டன் இரண்டுக்கும் அடுத்தபடியாக மிக அதிகம் பேர் இறந்தது இந்தச் சிறிய ஊரில்தான். போர் முடிய இன்னும் 11 வாரங்களே இருந்தன. இடிபாடுகளையெல்லாம் அள்ளிக் கொட்டிய வால்பெர்க் என்ற மேடு இன்றும் நகரத்துக்கு மேலே நிற்கிறது. ஒவ்வொரு பிப்ரவரி 23 இரவும், குண்டு விழுந்த அந்த நேரத்தில், நகரத்தின் தேவாலய மணிகள் எல்லாம் ஒலிக்கின்றன.

ஸ்வேல்ஸுக்கான அரசுக் குறிப்பு அந்தத் தாக்குதலைப் போரின் மிகச் செறிவான, மிக வெற்றிகரமான தாக்குதல்களில் ஒன்று என்று பாராட்டுகிறது. அதே குறிப்பு, அதே மூச்சில், தோழர்கள் வாழத் தம் உயிரைத் தந்தார் என்றும் சொல்கிறது. இரண்டையும் ஒரே வீரமாக நான் பல ஆண்டுகள் படித்துவந்தேன். அந்த அம்மாவின் கேள்விக்குப் பிறகு அப்படிப் படிக்க முடியவில்லை.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். பகைவரின் ஆநிரையைக் கவர்ந்துவரப் போவது வெட்சி. கவர்ந்துபோனதை மீட்கப் போவது கரந்தை. இரண்டுக்கும் வெவ்வேறு பூ, வெவ்வேறு திணை. இரண்டிலும் வீரம் உண்டு என்று ஏற்றுக்கொண்டவர்கள், இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. எங்கள் பாட்டன்மார் பலர் 1860-க்குப் பிறகு வட ஆர்க்காட்டிலிருந்து இந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த செங்கம் பக்கத்து ஊர்களில் இன்றும் நடுகற்கள் நிற்கின்றன; கையில் வில்லோ வாளோ ஏந்திய ஓர் உருவம், அதற்கு மேலே பழைய எழுத்தில் சில வரிகள். அந்த வரிகளில் அடிக்கடி வரும் தொடர், ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்பது. தொறு என்றால் மாட்டு மந்தை. மீட்டான், அந்த மீட்பிலேயே மாண்டான் என்று பொருள். என் தாத்தா பேருந்தில் சொன்ன இரண்டாவது வாக்கியமும் அதுதான். அவர் செங்கத்தைப் பார்த்ததில்லை, கல்வெட்டு எதையும் படித்ததில்லை.

எட்வின் ஸ்வேல்ஸ் ஒரே இரவில் வெட்சியும் சூடினார், கரந்தையும் சூடினார். நகரத்தின் மேல் இரண்டு எஞ்சின்களை இழந்த பிறகும் வழி சொல்லிக்கொண்டிருந்த துணிவை நான் மறுக்கவில்லை. நாஜிகளை ஒழிக்க வேண்டியிருந்தது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. நிறவெறியின் கீழ் வளர்ந்த எனக்கு, இனத்தின் பெயரால் கொல்லும் ஓர் அரசு வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையைச் சேர்ந்த 55,573 விமான வீரர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். இருந்தாலும் அந்த 22 நிமிடங்களை என்னால் கொண்டாட முடியாது. நான் தலைவணங்குவது அதற்குப் பிந்தைய பயணத்துக்கு, குறிப்பாக அதன் கடைசிச் சில நிமிடங்களுக்கு. லண்டனில் 2012-இல் திறக்கப்பட்ட குண்டுவீச்சுப் படை நினைவுச்சின்னத்தில், அந்த வீரர்களைத் தவிர, குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வரி ஒன்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் படித்தபோது மனம் சற்று ஆறியது.

நடுகற்களை வழியோரங்களில் நட்டார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பெயரைப் படிக்க வேண்டும் என்பதற்காக. எனக்கு ராஸ்பர்க்கின் பெயர்ப்பலகை அப்படித்தான் இருந்தது. 2008-இல் டர்பன் மாநகராட்சி ஏறத்தாழ நூறு சாலைகளின் பெயர்களை மாற்றியபோது அதுவும் மாறியது. எட்வின் ஸ்வேல்ஸ் சாலை, சாலமன் மஹ்லங்கு சாலை ஆனது. அப்போது ஊரே கொதித்தது. புதிய பலகைகள் சிலவற்றில் மை பூசினார்கள், சிலவற்றைப் பிடுங்கிப் போட்டார்கள். அந்தச் செயலில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. மஹ்லங்கு யார் என்று எனக்குத் தெரியும். நிறவெறி அரசை எதிர்த்துக் கறுப்பின மாணவர்கள் நடத்திய 1976 சொவேட்டோ எழுச்சிக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பிய இளைஞர். 1977-இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவர் யாரையும் சுடவில்லை. உடனிருந்தவர் செய்ததற்கு இவரும் பொறுப்பு என்று தீர்ப்பளித்து, 1979 ஏப்ரல் 6 அன்று பிரிட்டோரியாவில் தூக்கிலிட்டார்கள். அவருக்கு வயது 22. அவர் பெயர் ஒரு பெரிய சாலைக்கு வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஆனாலும், ஒரு பெயரை எழுத இன்னொன்றை அழித்துத்தான் ஆக வேண்டுமா என்ற வருத்தம் எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. கம்பெனி முதலாளிகள், கவர்னர்கள், நிலம் பிடித்தவர்கள் என்று எத்தனையோ பேருக்கு இந்த ஊரில் தெருக்கள் இருந்தன. ஏழு பேர் உயிரைக் காப்பாற்றிவிட்டு 29 வயதில் இறந்த ஓர் இளைஞரின் பெயரைத் தொடாமல் விட்டிருக்கலாம். என் நண்பர் ஒருவர், பெயர் மாற்றத்தை முழுமையாக ஆதரித்தவர், என்னோடு இதைப் பற்றிக் கடுமையாக வாதாடினார்: “உன் தாத்தாவுக்குத் துப்பாக்கி கொடுக்காத அரசு வைத்த பெயர் அது.” உண்மைதான். அந்த அரசை நினைத்தால் எனக்கும் இரத்தம் கொதிக்கிறது. ஆனால் அந்தப் பலகையை எனக்குப் படித்துக்காட்டியது அரசு அல்ல, என் தாத்தா.

ஸ்வேல்ஸின் கல்லறை பெல்ஜியத்தில், லெயோபோல்ட்ஸ்பர்க் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. பக்கத்து நாடான நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் மகள், நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தாள். அங்கே தளபதிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான். இவருடைய கல்லில் விக்டோரியா கிராஸின் உருவம் பொறித்திருப்பதால் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது என்று சொன்னாள். டர்பனில் என்றால் கேந்திப்பூ மாலை வாங்கியிருப்பேன்; அங்கே கிடைத்த மஞ்சள் பூ ஏதோ ஒன்றை வைத்துவிட்டு வந்தாள். அவர் எங்கள் முன்னோர் அல்லர். அவருக்குப் படையல் போடும் உரிமை எனக்கு இல்லை. ஒரு பூ வைக்கலாம், பெயரைச் சொல்லலாம், அவ்வளவுதான்.

இந்த ஆண்டு பிப்ரவரி 23 இரவு நகரத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பின் இருக்கையில் பேரன். ராஸ்பர்க் சந்திப்பில் ரோபோ சிவப்பில் நின்றது. சாலை விளக்கை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மணி ஒன்பதாகப் பத்து நிமிடம் இருந்தது. ஜெர்மனியில் அப்போது 7.50, ஃபோர்ட்ஸ்ஹைமில் மணிகள் ஒலிக்கத் தொடங்கும் நேரம். பையன் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “சாலமன் மஹ்லங்குன்னா யாரு தாத்தா?” என்று கேட்டான். சொன்னேன். தூக்குமேடை என்ற சொல் அவனுக்குப் புரியவில்லை. அதை விளக்குவதற்குள் பச்சை விழுந்துவிட்டது, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். வண்டியை நகர்த்திப் பாலத்தில் ஏறிய பிறகு, இந்தச் சாலைக்கு முன்னால் வேறொருவருடைய பெயர் இருந்தது என்று தொடங்கினேன்.